மக்கள்தொகை ஐந்நூறு, நீர்ப்பரப்பு புறக்கணிக்கத்தக்கது

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில். கடைவாய்ப்பல் ஒன்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. மேசைமேல் கிடந்தவற்றில் அட்டை கிழியாமல் இருந்த ஒரே புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். யாரும் தொடாததால்தான் கிழியவில்லை என்பது பிறகு புரிந்தது. அது சிறு நகராட்சிகளைப் பற்றிய ஒரு கையேடு. நடுப்பக்கம் ஒன்றில் இப்படி இருந்தது:

"இந்நகராட்சி வடக்கே ஓர் ஓடையாலும், கிழக்கே ஒரு மேட்டாலும், தெற்கே இரயில் பாதையாலும், மேற்கே அடுத்த நகராட்சியாலும் சூழப்பட்டுள்ளது. நீர்ப்பரப்பு: புறக்கணிக்கத்தக்கது. மக்கள்தொகை: 500."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். (பொத்தியது நாகரிகத்துக்காக அல்ல, வலிக்காக.) ஓடை என்று ஒன்று இருந்தால் அதில் கால் நனைக்கிறவர்களும் இருப்பார்கள் அல்லவா? உங்கள் தண்ணீர் புறக்கணிக்கத்தக்கது என்று அவர்களிடம் யார் போய்ச் சொன்னது? அப்புறம் அந்த ஐந்நூறு. யாரோ வாசலில் நின்று எண்ணிக்கொண்டே வந்து, "போதும், கதவைச் சாத்து" என்று சொன்னதுபோல அல்லவா இருக்கிறது!

அதற்குள் என் முறை வந்துவிட்டது. வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்த நேரத்தில் பேச வழியில்லை, யோசிக்க மட்டும் முடிந்தது. அதன் விளைவு இது. பிடிக்கவில்லை என்றால் பல் மருத்துவரைத் திட்டுங்கள்.

2

முதல் தொடக்கம்: "ஓடையின் சலசலப்பில் கண்விழிக்கும் அந்தச் சிற்றூரில்" [வேண்டாம். ஓடை என்றால் சலசலக்காமல் ஒரு வாக்கியம்கூட எழுத வராதா எனக்கு?]

இரண்டாம் தொடக்கம்: "மேற்கு எல்லையானது அடுத்த நகராட்சியின் கிழக்கு எல்லையோடு ஒத்துப்போகிறது என்பதை இங்கே" [இது கதையல்ல, பத்திரப்பதிவு.]

மூன்றாம் தொடக்கம்: "கிளார்க்கம்மாவின் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. அதனால்தான் அந்த நகராட்சி இன்னும் உயிரோடு இருந்தது."

இது இருக்கட்டும்.

நகராட்சி என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். இரண்டு தெரு, ஒரு பள்ளிக்கூடம், வாரம் ஒருமுறை நர்ஸ் வந்து உட்காரும் ஓர் அறை, ஓர் அலுவலகம். அலுவலகத்தில் ஒரே ஒரு கிளார்க். அவளைத்தான் ஊரே கிளார்க்கம்மா என்று கூப்பிட்டது. அலுவலகத்தின் மாடியிலேயே குடியிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் குழாய் போட வைத்தது அவள். நர்ஸ் வருகிற நாளில் பேருந்து உள்ளே வந்து திரும்ப வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியதும் அவள். அந்த ஊரைச் செல்லப்பிராணி மாதிரி வளர்த்துவந்தாள் என்றே சொல்லலாம்.

ஆபத்து இதுதான். மக்கள்தொகை ஐந்நூற்றுக்குக் கீழே போனால் நகராட்சி கலைக்கப்பட்டு மேற்கே உள்ள பெரிய நகராட்சியோடு சேர்க்கப்படும். பள்ளிக்கூடம் போகும், நர்ஸ் போவார், பேருந்தும் போகும். மக்கள்தொகைக் கணக்கு எடுக்கும் நாளன்று விடியும்போது யார் எந்த எல்லைக்குள் படுத்திருக்கிறாரோ அவர் அந்த ஊர்க்காரர் என்பது விதி. கிளார்க்கம்மா மற்ற எல்லாரையும் முன்கூட்டியே எண்ணி வைத்துவிட்டாள். அவளையும் சேர்த்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. ஐந்நூறாவது ஆள் அவளுடைய அப்பா.*

* ஐந்நூறு ரொம்ப வசதியான எண்தான், தெரிகிறது. நானூற்றெண்பத்திரண்டு என்று மாற்றிப் பார்த்தேன். உண்மைபோல இருந்தது, ஆனால் யாருக்கும் நெஞ்சு துடிக்கவில்லை.

3

அப்பா சர்வேயர். ஓய்வுபெற்ற சர்வேயர் என்று எழுதினால் கோபித்துக்கொள்வார். அளக்கிறவன் சாகும்வரை அளக்கிறவன்தான் என்பது அவர் கட்சி.

அவர் வேலையில் சேர்ந்ததும் சொந்தமாக வீடு கட்டத் தொடங்கியதும் ஒரே சமயம். அதே சமயத்தில்தான் மேற்கு எல்லைக்கற்களில் ஒன்று காணாமல் போனது. எங்கெங்கோ தேடினார். ஓடை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று ஒருமுறை எழுதினார், மாடு மேய்ப்பவர்கள் பெயர்த்திருப்பார்கள் என்று ஒருமுறை எழுதினார். கடைசியில், பக்கத்து நகராட்சி சர்வேயர்தான் வேண்டுமென்றே பிடுங்கிவிட்டார் என்ற முடிவுக்கு வந்து அவரோடு பேச்சையே நிறுத்தினார். அந்த மனிதர் எத்தனையோ தடவை "சத்தியமா நான் இல்லைய்யா" என்று சொல்லிப் பார்த்தார். பிறகு செத்தும் போனார். துக்கத்துக்குக்கூட இவர் போகவில்லை.

போன மழைக்காலத்துக்கு முன் அம்மாவுக்கு மணிக்கட்டு பிசகிக்கொண்டது. சர்வேயர் தன் சட்டையைத் தானே துவைக்கப் பின்கட்டுக்குப் போனார். துவைக்கிற கல் ஒரு பக்கமாக ஆடியது. அடியில் சில்லு வைக்கலாம் என்று சாய்த்துப் பார்த்தார். கல்லின் அடிப்பக்கத்தில் ஓர் அம்புக்குறி, அதன் கீழே ஓர் எண்.

வாழ்நாள் முழுவதும் அவர் போட்டுக்கொண்ட சட்டைகள் எல்லாம் அவர் தேடிய கல்லிலேயே வெளுக்கப்பட்டிருக்கின்றன. இந்த இடத்தில் ஆசிரியன் என்ற முறையில் ஒரு தத்துவ வாக்கியம் எழுத ஆசைப்பட்டேன். [எழுதி அடித்துவிட்டேன். நல்லவேளை.]

அம்மாவிடம் கேட்டார். அம்மா ஒளிக்கவில்லை.

"அஸ்திவாரம் தோண்டும்போது நடு வாசப்படி வர்ற எடத்துல நின்னுச்சு. கொத்தனார் பிடுங்கிப் போட்டாரு. நல்ல கல்லா இருக்கேன்னு நான்தான் பின்னால உருட்டிக்கிட்டுப் போனேன். நீங்க எங்க வீட்டுல இருந்தீங்க? ஊரான் நெலத்தைல்ல அளந்துக்கிட்டு இருந்தீங்க!"

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சர்வேயருக்கு அப்போது நினைவுக்கு வந்தது அந்தச் செத்துப்போன மனிதரின் முகம். அம்மாவுக்கு அது தெரியாது. அவர் சொல்லவும் இல்லை. கட்டிலைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனவர்தான்.

புத்திசாலியாக இருந்தால் கல்லைத் திருப்பிப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார். இவர் இரண்டு நகராட்சிக்கும் வரைபடத்தோடு கடிதம் எழுதினார். எல்லைக்கோடு தன் வீட்டின் நடு வாசற்படி வழியாகப் போகிறது, முன்னறை இந்த நகராட்சி, பின்னறையும் சமையலறையும் அடுத்த நகராட்சி. இரண்டு தரப்பும் ஏற்றுக்கொண்டன. அன்றிலிருந்து சர்வேயர் சாப்பிடுவது வெளியூர்ச் சாப்பாடு. கல்லை மட்டும் ஆதாரம் என்று சொல்லித் தன் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டார்.

மகள் வந்தால் மகள் வழியாகப் பேசுவார்கள். வராத நாளில் சுவரிடம் பேசினார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு காலையும் கிளார்க்கம்மா அந்த வீட்டுக்குள் நுழைந்து, முன்னறையில் அப்பாவின் கட்டில் கிடப்பதைப் பார்த்ததும் நிம்மதியாக மூச்சுவிடுவாள். அடுத்த நொடியே தன்னை நினைத்து அவளுக்கு அசிங்கமாக இருக்கும். பெற்றவர்கள் பிரிந்து படுத்திருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற பெண் உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருப்போம் என்று நினைத்தாள்.

4

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். கேட்பீர்கள் என்று தெரியும், நானே கேட்டவைதான்.

அப்பா பின்னறைக்குப் போனாலும் அவள் அவரைப் பொய்யாக இங்கேயே எண்ணிவிட்டால் என்ன? பின்னறையை எண்ண அடுத்த நகராட்சியிலிருந்தும் ஆள் வருவாள். ஒரே ஆளை இரண்டு ஊரில் எண்ணினால் மாட்டிக்கொள்ளும். மாட்டாவிட்டாலும் சர்வேயரே கடிதம் எழுதிக் காட்டிக்கொடுத்துவிடுவார்.

யாராவது பிள்ளை பெறக் கூடாதா? ஊரில் புதுசாகக் கல்யாணமானது ஒரே ஜோடி. நகராட்சித் தலைவர் அவர்களைப் பார்த்துச் சாடையாகப் பேசிவிட்டு வந்தார். மாப்பிள்ளை அடுத்த நாளே ஜன்னலுக்குத் திரை போட்டார், அவ்வளவுதான்.

யாராவது போய்ச் சேர்ந்துவிட்டால்? அந்தப் பயம் தலைவருக்கும் இருந்தது. படுக்கையில் கிடந்த பெரியவர் ஒருவரைத் தினமும் போய் நலம் விசாரித்தார். பெரியவர் கடைசியில் கேட்டேவிட்டார்: "கணக்கு முடிஞ்ச மறுநாளும் வருவியாப்பா?"

தலைவர் தொழிலால் டிராக்டர் மெக்கானிக். தலைவர் வேலை மாலை நேரத்தில்தான். ஒருநாள் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே சர்வேயர் வீட்டுக்கு வந்தார். கிளார்க்கம்மாவும் அங்கே இருந்தாள்.

"அண்ணே, அண்ணி சிரிச்சது தப்புத்தாண்ணே."

"அதை நீ சொல்ல வேணாம்."

"சொல்ல வந்தது அது இல்ல. நீங்க எறங்கிப் போயிடாதீங்க. மனுசனுக்கு ரோஷம்னு ஒண்ணு வேணும்ல? கணக்கு நாள் வரைக்குமாச்சும்."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பாப்பா, வந்தவருக்குக் காபி வேணுமான்னு கேளு. குடும்பத்தைக் கெடுக்க வந்திருக்காரு, தொண்டை காஞ்சிருக்கும்."

தலைவர் கூச்சப்படுகிற ஆள் இல்லை. வாசற்படியைத் தாண்டி, அதாவது அடுத்த நகராட்சிக்குள் போய், அம்மாவின் முன்னால் நின்றார்.

"அப்படின்னா நீங்களாச்சும் முன்னறைக்கு வந்துடுங்களேன் அண்ணி. தலைகாணியை எடுத்துக்கிட்டு நாலு எட்டு. நீங்க வந்தா ஐந்நூத்தி ஒண்ணு. ஊருக்கே தெம்பு."

"சிரிச்சதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணும், அப்படித்தானே?"

"மன்னிப்பெல்லாம் வேணாம் அண்ணி, படுத்தாப் போதும்."

"கட்டிலைத் தூக்கிட்டுப் போனது நானா? போனவருக்குத் திரும்பி வர வழி தெரியலன்னா அளந்து பாத்துக்கட்டும். அதுக்குத்தானே இத்தன நாளு சம்பளம் வாங்குனாரு?"

முன்னறையில் சர்வேயர் தொண்டையைக் கனைத்தார். கோபமா வேறு ஏதாவதா என்று கிளார்க்கம்மாவுக்குப் பிடிபடவில்லை. எனக்கும்தான்.

5

கணக்கு நாளுக்கு முந்தைய நாள், எல்லா வீட்டிலும் கேட்ட கேள்விகளைக் கிளார்க்கம்மா பெற்றோர் வீட்டிலும் கேட்டாக வேண்டியிருந்தது. நாற்காலியை முன்னறையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சர்வேயர் கட்டிலில். அம்மா வாசற்படிக்கு அந்தப் பக்கம், நிலைமேல் சாய்ந்துகொண்டு.

"பேரு?"

"ஏம்மா, ஒனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சாலும் கேக்கணும்ப்பா."

சொன்னார். நான்தான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"குடும்பத் தலைவர் யாரு?"

"இந்தப் பக்கம்னா நான்தான்," என்றாள் அம்மா.

"ஒங்கம்மாகிட்டச் சொல்லு, அந்தப் பக்கத்தை எண்றதுக்கு வேற ஆளு வரும்னு."

"ஒங்கப்பாகிட்டச் சொல்லு, வந்தா காபி குடுத்து உக்கார வெச்சுக்குறேன்னு."

கிளார்க்கம்மா அடுத்த கேள்விக்குத் தாவினாள். "வீட்டுல துணி துவைக்க மெஷின் இருக்கா?"

கேட்ட பிறகுதான் எதைக் கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. அம்மா நிதானமாகப் பதில் சொன்னாள்.

"மெஷின் இல்ல. அரசாங்கத்துக் கல்லு ஒண்ணு இருந்துச்சு. அதையும் ஒங்கப்பா கட்டிலுக்கடியில வெச்சு அடைகாத்துட்டு இருக்காரு. குஞ்சு பொரிச்சா சொல்லச் சொல்லு."

சர்வேயர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. காது மடல் சிவந்தது. இருமுவதுபோல ஒரு சத்தம் போட்டார், ஆனால் அது இருமல் இல்லை. கிளார்க்கம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் ஒரு நொடியில் அப்பா வாய்விட்டுச் சிரித்துவிடுவார். சிரித்தால் கட்டில் பின்னறைக்குப் போய்விடும். கட்டில் போனால் ஊர் போய்விடும்.

"நாளைக்கு அந்தப் பக்கத்தை எண்ண வர்றது யாருன்னு தெரியுமாப்பா?" என்றாள். "அந்தப் பக்கத்து ஊர் சர்வேயரோட மருமக."

குலுங்கிய தோள் நின்றது. அவர் திரும்பவே இல்லை. "அவ எதுக்கு இங்க வரணும்?" என்று சுவரைப் பார்த்தே கேட்டார். குரல் உடைந்திருந்தது. அம்மா மகளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கணவரின் முதுகைப் பார்த்தாள், வெகு நேரம். ஏதோ ஒன்று அவளுக்கு அப்போதுதான் புரிந்ததுபோல இருந்தது. உள்ளே போய்விட்டாள்.

சொன்னது பொய்யில்லை. அவள்தான் வரப்போகிறாள். ஆனால் அதைச் சொல்லத் தேர்ந்தெடுத்த நொடிதான் அநியாயம். கிளார்க்கம்மா தெருவில் நடந்துபோகும்போது அழுதாள். பள்ளிக்கூடக் குழாயில் முகம் கழுவிக்கொண்டாள், அவள் போட வைத்த குழாய்தான்.

[இந்தக் காட்சியை மூன்று தடவை அடித்து எழுதினேன். அவளை இன்னும் நல்லவளாக வைக்கப் பார்த்தேன். நல்லவளாக வைத்தால் அவளுக்கு அந்த ஊர்மேல் அவ்வளவு பிரியம் இல்லை என்றாகிவிடுகிறது.]

6

முடிவுகள். கைவசம் மூன்று இருந்தன.

(அ) அம்மா தலையணையை எடுத்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டி வருகிறாள். எல்லாருக்கும் நல்லது, ஊர் பிழைக்கிறது, கணக்கில் ஒன்று கூடுகிறது. "அவள் பாதம் படியைத் தொட்டபோது" என்று அழகாகவே தொடங்கினேன். அம்மா படியருகே நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். "நீயும் அந்தத் தலைவர் கட்சிதானா?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால், ஆமாம். தலைவர், நான், கையேடு போட்டவர்கள், இவ்வளவு தூரம் படித்துவந்த நீங்கள், எல்லாரும் மனசுக்குள் அந்தக் கட்சிதான். ஊரைக் காப்பாற்ற ஒரு பொம்பளை இறங்கிவந்தால் போதும் என்பது எவ்வளவு லேசாக நமக்குத் தோன்றுகிறது! அடித்துவிட்டேன்.

(ஆ) சர்வேயர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போகிறார். குடும்பம் ஒன்றாகிறது, நகராட்சி சாகிறது. அலுவலகத்தின் பெயர்ப்பலகையை ஏணி போட்டுக் கழற்றுகிறார்கள். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வது கிளார்க்கம்மா. [இதை எழுதும்போது எனக்கே தொண்டை அடைத்தது. அதனாலேயே சந்தேகம் வந்து நிறுத்திவிட்டேன்.]

(இ) கட்டில் சரியாக வாசற்படியின்மேல், பாதி இங்கே பாதி அங்கே. மலிவான வித்தை. தவிர, நிலையின் அகலம் போதாது. கட்டிலை அளந்து சொன்னவர் சர்வேயர்.

7

கணக்கு நாள் விடிந்தது. கிளார்க்கம்மா மற்ற வீடுகளையெல்லாம் சரிபார்த்துவிட்டுக் கடைசியாக அந்த வீட்டுக்கு வந்தாள். பெரியவர் மூச்சோடு இருந்தார். புது ஜோடி திரைக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டியது. நானூற்றுத் தொண்ணூற்றொன்பதும் பத்திரம். கதவைத் திறந்ததும் முதலில் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்பது, எண்ணுவதெல்லாம் அப்புறம் என்று வழியிலேயே முடிவு செய்திருந்தாள்.

கதவு சாத்தியிருந்தது. ஜன்னலும் சாத்தியிருந்தது. தட்டக் கையை ஓங்கினாள்.

உள்ளே அப்பாவின் குரல் கேட்டது. "துக்கத்துக்குக்கூடப் போகலையேடி நான்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அப்பா நேராக அம்மாவிடம் பேசுகிறார், நடுவில் யாரும் இல்லை.

"தெரியுது," என்றாள் அம்மா. "நேத்துத்தான் எனக்கு ஒறைச்சுது. அன்னிக்கே சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேனா?"

"சிரிச்சிருப்ப."

"சிரிச்சிருப்பேன். அப்புறமா அழுதிருப்பேன்ல? இன்னிக்கே போவோம். அந்தக் கல்லைத் தூக்கிட்டுப் போயி அவங்க வீட்டு வாசல்ல வெச்சு, இந்தாங்க, எடுத்தது நாங்கதான்னு சொல்லுவோம்."

"என்னால தூக்க முடியாது. இடுப்பு போயிடும்."

"ஒங்கள யாரு தூக்கச் சொன்னா? அப்பவும் நான்தானே உருட்டிக்கிட்டுப் போனேன்?"

அதற்குப் பிறகு சிரிப்பு. முதலில் அம்மாவுடையது, பிறகு அப்பாவுடையது. வெகுநாள் ஓடாத எஞ்சின் மாதிரி திக்கித் திக்கிக் கிளம்பி, அப்புறம் நிற்காமல் ஓடியது. கிளார்க்கம்மா காதைக் கதவோடு வைத்துக் கேட்டாள். முன்னறையா, பின்னறையா? சின்ன வீடு, சிரிப்பு எல்லாச் சுவரிலும் மோதித் திரும்பியது. ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்டுபிடிக்க முயல்வதையும் விட்டுவிட்டாள். ஓங்கிய கையை இறக்கி, வாசலிலேயே உட்கார்ந்தாள்.

வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்தால், பின்கதவருகே இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அந்த சர்வேயரின் மருமகள். அவளும் எண்ணத்தான் வந்தாள். உள்ளே பேசியது அவளுக்கும் கேட்டுவிட்டது. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள், அவளும் தட்டவில்லை.

தெருமுனையில் தலைவர் நிற்கிறார். எந்தப் பக்கம் என்று இரண்டு கையாலும் சைகையில் கேட்கிறார். கிளார்க்கம்மா அவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுகிறாள். அது ஆமாமா இல்லையா என்று தெரியாமல் அவர் கிரீஸ் கையைத் தலையில் வைத்துக்கொள்கிறார்.

கட்டில் எந்த அறையில் கிடக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் உள்ளே போகவில்லை. யாராவது கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும், எண்ணித்தான் ஆக வேண்டும், கையேட்டில் ஓர் எண்ணைப் போட்டுத்தான் ஆக வேண்டும். அந்த இரண்டு பெண்களும் இப்போதைக்கு எழுந்திருப்பதாகத் தெரியவில்லை. எனக்கோ பல் மறுபடி வலிக்கத் தொடங்கிவிட்டது.

இனி இருப்பது நீங்கள்தான். தட்டுவதானால் தட்டுங்கள். தட்டினால் உள்ளே சிரிப்பு நின்றுவிடும். அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.